குரக்கன் பியரும் கொதித்தாறிய தண்ணீரும்

அண்ணன் எங்கள் வீட்டுக்குக் குடிவந்த அன்று நிலவறையான பேஸ்மென்றில் இரண்டு வாளிகளில் பியர் புளித்துக்கொண்டிருந்தது. ஒன்றில் மீந்துபோன பாண் ரொட்டி, மற்றதில் மரவள்ளிக்கிழங்கு. அவர் தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாளி மூடியில் செருகியிருந்த சின்னக் குழாய் குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் சுட்டது. அவர் வருகிறார் என்று ஒரு கிழமைக்கு முன்பே தெரியும். வாளிகளை எங்காவது கொண்டுபோய் வைத்திருக்கலாம். நான் செய்யவில்லை.

அண்ணன் குடியை விட்டு அப்போது இரண்டரை வருடம். அதற்கு முந்திய இருபது வருடமும் நகரத்து உணவகங்களில் சமையல்காரராக இருந்து, வேலை முடிய முடியக் குடித்தவர். அண்ணி பிரிந்து போனார். கடைசியில் கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனியொரு தரம் வந்தால் ஆள் தப்புவது கஷ்டம் என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதோடு அண்ணன் குடியை விட்டுவிட்டார். நகரத்தின் வோபர்ன் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி எழும்பச் சொன்னபோது, மல்வேர்னில் இருந்த எங்கள் ரவுண்ஹவுஸ் வீட்டுக்கு நானும் என் கணவரும் கூட்டி வந்தோம். மேலே இரண்டு அறைதான். ஒன்று எங்களுடையது, மற்றதில் அண்ணனின் மகள் சின்ன வயதிலிருந்தே சனி, ஞாயிறுகளில் வந்து படுப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் அந்த அறை அவளுடையதாகவே இருந்தது. ஆகவே அண்ணனுக்கு பேஸ்மென்ற்.

"எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஆருக்காவது குடுத்துவிடுறன், அண்ணா" என்று அன்றைக்கே சொன்னேன்.

"எனக்காக ஒண்டும் நிப்பாட்ட வேணாம். நான் பஸ்ஸில போற வழியெல்லாம் சாராயக் கடைதானே. இது உன்ட விளையாட்டு. நீ விளையாடு."

அதைக் கேட்டதும் எனக்குள் வந்தது நிம்மதி. அது எவ்வளவு வேகமாக வந்தது என்பதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. வாளிகளை அவருடைய அறைக்குப் பக்கத்தில், உடுப்புத் தோய்க்கும் இடத்துக்குத் தள்ளிவைத்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அதற்குப் பூட்டு இல்லை.

பியர் காய்ச்சும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். நான் ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கச் சோஸ்களின் புளிப்பையும் உப்பையும் அளந்து தாளில் எழுதுவது என் வேலை. கூட வேலை செய்த ஒரு பெண், தனக்கு இடமில்லை என்று, வாளி, குழாய், வெப்பமானி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுத் தந்தாள். நான் குடிப்பது அரைக் கிளாஸ்கூட இல்லை. குடிப்பதில் இல்லை, மாவுப்பொருள் சீனியாகி, சீனி வேறொன்றாகும் அந்த மாற்றத்தில்தான் எனக்கு ஆசை. பெட்டியில் வந்த செய்முறைப்படி இரண்டு தரம் செய்ததும் அலுத்துப்போனது. பிறகு கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். வற்றாளங்கிழங்கு, பலாப்பழம், பேக்கரியில் மிஞ்சிய ரோஸ் பாண். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் என் கணவர் பியர் தொடமாட்டார். வீட்டுக்கு வருபவர்கள் வாளிகளைப் பற்றிக் கேட்டால் உள்ளே இருப்பது வினாகிரி என்று சொல்லிவிடுவார்.

அந்த மாரியில் நான் குரக்கனை, அதாவது கேழ்வரகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குரக்கனை முளைக்கவைத்துக் காயவிட்டால் அதன் மாவு சீனியாக மாறும் பக்குவத்துக்கு வரும் என்று வாசித்திருந்தேன். இரண்டு தரம் ஊறப்போட்டேன். இரண்டு தரமும் பூஞ்சணம் பிடித்தது. மூன்றாம் தரம் அண்ணன் உடுப்புத் தோய்க்க வந்த இடத்தில் குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தார்.

தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று தரம் மாற்ற வேண்டும், இவ்வளவு தடிப்பாகப் பரப்பினால் அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும் என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தானே ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, குரக்கனை ஒற்றைத் தட்டாகப் பரப்பினார். மூன்றாம் நாள் ஒவ்வொரு மணியிலும் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. வேலையால் வந்த என்னை அவர் படியிலேயே மறித்து, கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தைக் கண்டு பல வருடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு பின்னேரம் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் பியர்ச் சட்டிதான். குரக்கனில் பாதியை வெறும் சட்டியில் கறுக்க வறுப்பது அவருடைய யோசனை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைப் போட்டுப் பார்ப்போம் என்றதும் அவர்தான். அது சட்டியோடு கூழாக இறுகி, வடியமாட்டேன் என்று நின்று, கடைசியில் கரண்டி கரண்டியாகக் கிண்டிக் குப்பைக்குப் போனது. இரண்டு பேரும் நிலத்தில் இருந்து சிரித்தோம். நான் வெள்ளைக் கோப்பையில் ஒரு துளி சாறு விட்டு அதில் அயடின் விடுவேன். கருநீலமாக மாறினால் மாவு இன்னும் மிச்சம்; நிறம் மாறாவிட்டால் எல்லாம் சீனியாகிவிட்டது. அண்ணனுக்கு அயடின் தேவைப்படவில்லை. சுடுசாற்றை நாக்கில் வைத்துவிட்டு, "இன்னும் பத்து நிமிசம்" என்பார். நான் அயடினை விட்டுப் பார்ப்பேன். அநேகமாக அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

புளிக்கவைக்கும் ஈஸ்ற்றைப் போடுவதற்கு முன் அது வெறும் இனிப்புத் தண்ணீர். அதுவரைக்கும் அவர் நிற்பார். நான் ஈஸ்ற் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் மேலே போய்விடுவார். அந்த விதியை அவரே வைத்தார். நான் அதை மதித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வறுத்த குரக்கனும் பனங்கட்டியும் சேர்த்துச் செய்த பியர்தான் எங்களை மாட்டியது. அதில் ஏதோ இருந்தது. புகையும் கருகலும் கலந்த ஒரு வாசம் முதலில் வரும். முடிவில் ஒரு புளிப்பு வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நான் சேர்ந்திருந்த பியர் காய்ச்சுவோர் குழு ஒன்று மாதாமாதம் ஒரு சனசமூக மண்டபத்தின் பின்னறையில் கூடும். அங்கே எல்லோரும் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து சுவை பார்ப்பார்கள். பங்குனிக் கூட்டத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது.

முதலில், முடிந்த பியரைக் கிளாசில் கொண்டுபோய் மணக்க மட்டும் சொன்னேன். அவர் கதவடியில் நின்று மணந்தார். குரக்கன் இன்னும் கொஞ்சம் வறுபட வேணும், பனங்கட்டியைக் கடைசியில் போடு என்றார். அடுத்த தரம் நல்லாக வந்தது. ஆனால் புளிப்பு போகவில்லை. மணத்தில் அவருக்கு அது பிடிபடவில்லை. கூட்டத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது.

ஒரு ஞாயிறு நான் ஒரு தேக்கரண்டியில் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஒரு துளிதான். நாக்கில வச்சுப்போட்டுத் துப்பிடுங்க."

அவர் கரண்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் கையை இழுத்திருக்கலாம். அவர் பார்த்த நேரம் அதற்குத் தாராளமாகப் போதும். பிறகு வாங்கி நாக்கில் வைத்து, தோய்க்கும் தொட்டியில் துப்பி, குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். ஈஸ்ற் போடும்போது சாறு சூடு கூடுதலாக இருக்கிறது, நீ அவசரப்படுகிறாய் என்று சொன்னார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு மேலே போனார்.

அவர் சொன்னபடி ஆறவிட்டுச் செய்தேன். புளிப்பு போய்விட்டது. பங்குனிக் கூட்டத்தில் ஆட்கள் இரண்டாம் கிளாஸ் கேட்டு வந்தார்கள். வயது போன ஒருவர், இதை எப்படி யோசித்தாய் என்று கேட்டார். நானே கண்டுபிடித்தது என்று சொன்னேன். அண்ணனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. குடியை விட்ட ஒருவரின் நாக்கைக்கொண்டு செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு செய்த பியர்களில்தான் எண்கள் குழம்பத் தொடங்கின. பியரில் இனிப்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு கண்ணாடி மிதவை இருக்கிறது. வெறும் தண்ணீரில் அது ஆயிரம் காட்டும். இனிப்புக் கூடக் கூட எண் ஏறும். புளித்து முடிந்த என் குரக்கன் பியர் எப்போதும் ஆயிரத்துப் பத்தில் வந்து நிற்கும். கூட்டத்துக்குப் பிறகு செய்த முதல் முறை ஆயிரத்து ஏழுக்கு இறங்கியது. அடுத்த முறை ஐந்துக்கு. நிறமும் வெளுத்திருந்தது. வாயில் வைத்தால் மெலிந்துபோய் இருந்தது. வாளியில் மட்டம் மட்டும் நான் கோடு போட்டுவைத்த இடத்திலேயே இருந்தது.

வெப்பமானியைச் சரிபார்த்தேன். மிதவையை வேலைக்குக் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிட்டேன். ஈஸ்ற்றை மாற்றினேன். கொப்பியில், பனங்கட்டியில் உள்ள சீனி முழுக்கப் புளித்துப்போகிறது போலும் என்று எழுதினேன். இந்தப் பொருள்கள் யாரும் பியரில் போட்டுப் பழகாதவை, ஆகவே எதிர்பாராதபடிதான் நடக்கும் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆய்வுகூடத்தில் ஓர் எண் பிழைத்தால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, மாதிரியை யார் தொட்டது என்பது. இருபது வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டில் அதை ஒரு தரமும் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் தொழிற்சாலையில் கொதிகலன் பழுதாகி எங்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சப்பாத்தைக் கழற்றும்போது கீழே தண்ணீர்க் கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. தேத்தண்ணி போடுகிறார் என்று நினைத்து, எனக்கும் ஒன்று கேட்கலாம் என்று இறங்கினேன். அண்ணன் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில், கவிழ்த்துவைத்த வெற்று வாளியில் இருந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. கோப்பையில் இருந்தது இன்னும் புளித்து முடியாத, ஈஸ்ற் கலங்கிய பியர். என்னைக் கண்டும் அவர் அதை ஒளிக்கவில்லை.

நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

"எவ்வளவு நாளா, அண்ணா?"

அவர் கோப்பையை நிலத்தில் வைத்தார். "நீ கரண்டியில தந்த நாளில இருந்தெண்டு சொன்னா, உன்னில பழி போட்ட மாதிரி இருக்கும். அதுக்கு அடுத்த கிழமையில இருந்து, முதல்ல அந்தப் புளிச்சதில. கூட்டத்துக்கெண்டு செய்ததைத் தொடேல்லை."

அவர் பக்கத்தில் மேசையில் ஆறிக்கொண்டிருந்த சட்டியைக் காட்டினார்.

"கொதிச்சாறின தண்ணிதான் விட்டனான். பச்சைத் தண்ணி விட்டா உன்ட பியர் பழுதாயிரும். அதை மட்டும் பாத்துக்கொண்டன்."

அந்தப் பியரை இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்திருந்தோம். எடுத்ததற்குச் சரியாக அளந்து ஊற்றி, நான் போட்ட கோட்டில் மட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். தன்னை ஏமாற்றிக்கொண்ட நேரத்திலும் சமையல்காரனுக்கு உரிய கவனத்தை அவர் விடவில்லை. அதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை.

வாளியின் குழாயைத் திறந்து எல்லாவற்றையும் தொட்டியில் ஓடவிட்டேன். படிக்குக் கீழே நான் அடுக்கியிருந்த பியர்ப் போத்தல்களை அவர் தூக்கி வந்து ஒவ்வொன்றாகத் திறந்து தந்தார். வீடு முழுக்கக் கருகல் வாசம். டொக்டரிடம் போவோம் என்றேன். வேண்டாம், இன்றோடு விட்டுவிட்டேன், மகளுக்குத் தெரிந்தால் இனி என்னோடு கதைக்கமாட்டாள் என்று கெஞ்சினார். நான் சம்மதித்தேன். அவருக்காகத்தான் சம்மதித்தேன் என்று அப்போது எனக்கு நானே சொன்னேன். டொக்டர் கேட்டால் நானும் பதில் சொல்ல வேண்டிவரும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

நாலாம் நாள் காலை அவர் குளியலறை நிலத்தில், முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தார். முகம் சாம்பல் நிறம். என் கணவர் காலைச் சுற்று பஸ்ஸை விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அம்புலன்சைக் கூப்பிட்டோம். அவசரப் பிரிவில் ஓர் இளம் டொக்டர், எப்போது குடித்தீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அண்ணன் கண்ணைத் திறக்காமல், கடையில் வாங்கினேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். டொக்டர் எழுதிக்கொண்டார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை.

பின்னேரம் அண்ணனின் மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். தகப்பனுக்கு நித்திரைக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். குளிர்பான மெசினுக்குப் பக்கத்தில் இருந்த கதிரைகளில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாங்ஸ் மாமி. நீங்க இல்லாட்டி அப்பா எப்பவோ போயிருப்பார். பட் எங்க எடுத்தவர்? வீட்டடியில ஒரு சாராயக் கடையும் இல்லையே."

அவள் என் கையைப் பிடித்திராவிட்டால், கடை என்றே சொல்லியிருப்பேனோ என்னவோ.

"என்ட பியர்தான், மகள். கீழ இருந்தது. நான்தான் முதல்ல ருசி பாக்கச் சொல்லிக் குடுத்தனான்."

அவள் விளங்காததுபோல் பார்த்தாள். கரண்டியைப் பற்றி, துப்பச் சொன்னதைப் பற்றி, வாளியில் எண் இறங்கியதைப் பற்றி, நாலு நாளைக்கு முன்பே கண்டுபிடித்தும் டொக்டரிடம் போகாததைப் பற்றி எல்லாம் சொன்னேன். பாதியில் அவள் கையை எடுத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"அவர் நோ சொல்லமாட்டார் எண்டு தெரியும்தானே, மாமி. உங்களுக்கு நோ சொல்ல அவருக்குத் தெரியாது."

எழும்பி அறைக்குப் போனவள் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மறுநாள் டொக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். எத்தனை கிழமையாகக் குடித்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அவர் என்னைத் திட்டவில்லை. முந்திய நாள் எழுதியதை வெட்டி மாற்றி எழுதினார்.

அண்ணன் தப்பிவிட்டார். மூன்று கிழமை ஆஸ்பத்திரி, பிறகு குடியை விட்டவர்கள் சேர்ந்து இருக்கும் ஒரு வீட்டில் பல மாதம். முதல் மாதம் யாரும் போய்ப் பார்க்கக் கூடாது என்பது அங்கத்தைய ஒழுங்கு. அந்த மாதத்தில் வாளி, மிதவை, வெப்பமானி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுத் தந்தவளிடமே திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டாள். நேரமில்லை என்றேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர், "நீர் வேணுமெண்டு செய்யேல்லை" என்றார். வேணுமென்று செய்யவில்லைத்தான், ஆனால் தெரியாமலும் செய்யவில்லை. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

அண்ணன் இப்போது நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். இருப்பதும் அங்கேதான் ஓர் அறையில். கார் இல்லாமல் அங்கே ஒன்றும் செய்ய ஏலாது என்பதால் சனிக்கிழமைகளில் நான் போய் அவரைக் கடைக்குக் கூட்டிப்போவேன். சீனி குறைந்த கஞ்சி, உப்பில்லாத சூப், பல்லில்லாதவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று கதைப்பார். பழைய கதை எடுத்ததில்லை, ஒரு தரம் தவிர. அன்று மரக்கறிக் கடையின் முன்னால் காரை நிறுத்தியதும், பெல்ற்றைக் கழற்றாமல் இருந்தார்.

"அந்த ஞாயிற்றுக்கிழமையள் எனக்கு நல்லா இருந்தது, தங்கச்சி. அதையும் சேத்துப் பிழை எண்டு நினைச்சிராத."

நான் ஓம் என்றேன். அப்படி நினைக்காமல் இருக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் சொன்னது என்னை மன்னித்ததா, ஆறுதலா, அல்லது கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத அதே குணமா என்பதும் தெரியவில்லை.

அண்ணனின் மகள் இந்த ஆனியில் பட்டம் பெற்றாள். மண்டபத்துக்குள் இரண்டு பேருக்குத்தான் இடமாம். தாயும் தகப்பனும் போனார்கள். எங்கள் வீட்டில் அவளுடைய அறை இருக்கிறது. அவள் வருவதில்லை. விழாவுக்கு முதல் நாள் அண்ணனுக்கு ஒரு வெள்ளைச் சேர்ட் வாங்கி, அவருடைய அறையிலேயே ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் பின்னேரம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. தகப்பன் அவளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். கீழே ஒரு வரி: சேர்ட் வடிவா இருக்கு.

ஆஸ்பத்திரியில் கரண்டிக் கதையைச் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் எனக்கு எழுதிய முதல் வரி அது. பதிலுக்கு நீளமாக எழுதத் தொடங்கி, அழித்து, மறுபடியும் எழுதி அழித்தேன். கடைசியில், கண்டது சந்தோசம் மகள் என்று மட்டும் அனுப்பினேன். அவள் அதை வாசித்துவிட்டாள் என்று போன் காட்டியது. வேறொன்றும் வரவில்லை.